எலிக்கூண்டு கழுவும்போது வரும் இழுப்புக்குக் குளிர் காரணமில்லை

தங்கச்சி, கண்டிப் பக்கம் ஒரு ஆய்வுகூடத்தில் எலிக்கூண்டு சுத்தம் செய்கிறீர்கள், முதலில் தும்மலும் கண் அரிப்பும், இப்போது இரவில் இழுப்பு, லீவில் வீட்டுக்குப் போனால் குறைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மலைக்குளிர்தான் காரணம் என்கிறாராம் சூப்பர்வைசர். அப்படியென்றால் உங்கள் வீட்டில் மட்டும் குளிர் இல்லையா?

இது எலி ஒவ்வாமை போலத்தான் தெரிகிறது. எலியின் சிறுநீரில் உள்ள புரதம் மரத்தூளில் காய்ந்து, கூண்டைக் கொட்டும்போது தூசியாகப் பறக்கிறது. ஆண் எலிகளிடம் இது அதிகம். வேலைக்குச் சேர்ந்த முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் பெரும்பாலும் ஆரம்பிக்கும். அப்படியே விட்டால் நிரந்தர ஆஸ்துமாவாகலாம், அதனால் தும்மல்தானே என்று இருக்க வேண்டாம்.

நீல சர்ஜிக்கல் மாஸ்க் இதற்குப் போதாது. முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் என்95 கேளுங்கள். அழுக்கு மரத்தூளைத் தும்புத்தடியால் கூட்டாமல், ஈரமாக்கி அள்ளுங்கள். வேலை உடுப்பை அங்கேயே மாற்றிவிடுங்கள், வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ஆனால் இழுப்பு வந்த பிறகு மாஸ்க்கை மட்டும் நம்ப முடியாது, கூண்டு வேலையிலிருந்து மாற்றம் கேட்பதுதான் சரி.

அதற்கு ஆதாரம் வேண்டுமே. ஆஸ்பத்திரியில் சுவாச நோய் டொக்டரிடம் என்ன வேலை என்பதை முதலில் சொல்லுங்கள். மூச்சை எவ்வளவு வேகமாக வெளியே ஊத முடிகிறது என்று அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் என்ற சிறு கருவியில் ஒரு நாளைக்கு நான்கு தடவை ஊதி, வேலை நாளையும் லீவு நாளையும் பிரித்து நான்கு வாரம் எழுதச் சொல்லலாம். வேலை நாட்களில் அளவு குறைந்து லீவில் கூடுவது தெரிந்தால், அந்தத் தாளைக் காட்டுங்கள், சூப்பர்வைசரின் குளிர்க்கதை எடுபடாது.

அப்புறம், பேச முடியாத அளவு மூச்சு முட்டினால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் உடனே 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.