அம்மா ‘நல்லா இருக்கு’ என்றால் போதுமா?

கேள்வி: வீட்டு உபயோகத்துக்கு 2 லிட்டர் டில்டிங் கிரைண்டர் ஒன்று வடிவமைத்திருக்கிறோம். மோல்டு போடும் செலவை நினைத்தால் பயம். அதனால் நானும் தம்பியும் தெர்மாகோலில் அசல் அளவிலேயே மாதிரி செய்து அம்மாவிடம் காட்டினோம். ‘நல்லா இருக்குடா’ என்றார். நம்பி இறங்கலாமா?
– பட்டறை நடத்தும் வாசகர், கோவை.

பதில்: இறங்காதீர்கள். அம்மா மார்க் போட்டது பிள்ளைகளுக்கு, கிரைண்டருக்கு அல்ல.

முதலில் எடை. கல்லோடு சேர்த்தால் உங்கள் கிரைண்டர் பத்து கிலோவைத் தாண்டும். தெர்மாகோலை ஒரு விரலால் நகர்த்திவிடலாம். உள்ளே மணல் மூட்டை வைத்து அசல் எடைக்குக் கொண்டுவாருங்கள். கைப்பிடியும் லாக்கும் மட்டுமாவது நிஜமாகவே அசைய வேண்டும். டிரம்முக்கு ஒரு எவர்சில்வர் பாத்திரம் போதும். பெயின்ட் எல்லாம் அப்புறம்.

அடுத்து, அதைத் தூக்கிக்கொண்டு, வாராவாரம் மாவாட்டும் ஒருவர் வீட்டுக்குப் போங்கள். நான் ஒருமுறை அப்படிப் போனேன். கடப்பைக் கல் மேடை, அதற்கு மேலே மசாலா டப்பா அடுக்கிய பலகை. மாதிரி அந்த இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. மூடியைத் தூக்கினால் பலகையில் இடித்தது. அந்த அக்கா ஒவ்வொரு முறையும் அதை முன்னால் இழுத்துவிட்டுத்தான் திறந்தார். கேட்டதற்கு, “ஒண்ணும் கஷ்டமில்ல தம்பி” என்றார்! டிரம்மைச் சாய்த்ததும் இன்னொன்று தெரிந்தது. மாவு வழிக்க அவருக்கு வலது கை வேண்டும். நாங்கள் கைப்பிடி, லாக் இரண்டையும் வலப்பக்கமே வைத்திருந்தோம். ஈரக் கையை மாற்றி மாற்றித் துடைத்தார். வரைபடத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

1996-இல் வந்த பாம் பைலட் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி வருவதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். யாராவது சந்திக்க நேரம் கேட்டால் கட்டையை எடுத்து, குச்சியால் தட்டிப் பார்ப்பாராம். பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஆனால் பையில் அடங்குகிறதா, எதற்கெல்லாம் கை அதைத் தேடுகிறது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

நீங்களும் நேற்றைய மாவைக் கொஞ்சம் ஊற்றிக் கொடுத்து, “வழித்தெடுங்கள்” என்று மட்டும் சொல்லுங்கள். லாக் எங்கே இருக்கிறதென்று காட்டாதீர்கள். அவர் தடுமாறும்போது, “அப்படி இல்லீங்க, இப்படி” என்று வாய் வரை வரும். அடக்க முடியாது என்றால் தம்பியை அனுப்புங்கள்.