ராத்தா ஆரிட்டக் காட்டுறது?

அஸ்ஸலாமு அலைக்கும் சேர். மகள் ஓ.எல். நல்லாச் செய்திருக்கிறா, ஏ.எல்.லுக்கு பயோதான் எடுப்பன் எண்டு நிக்கிறா. இவற்ற தம்பி "உலகக் கல்வி ஆகிரத்துக்கு, மறுமைக்கு, உதவாது, மார்க்கம் படிக்கிற ஆலிமா கோர்ஸுக்கு அனுப்புங்க" எண்டுறார். பயோல பரிணாமமும் வருதாம். என்ன செய்ய?
ஒரு தாய், சோனகத் தெரு, யாழ்ப்பாணம்

வஅலைக்குமுஸ்ஸலாம் தங்கச்சி,

பரிணாமத்துக்குப் பயப்படாதீங்க, படிச்சு சோதினையில எழுதட்டும், ஈமான், அல்லாஹ்வில உள்ள நம்பிக்கை, அவ்வளவு லேசில போற சாமான் இல்ல. எனக்குக் கோவம் வந்தது அந்த "உலகக் கல்வி"யிலதான்.

மேடைக்கு மேடை மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலி எண்டுறாங்களே, அவற்ற இஹ்யா கிதாபில கல்வியைப் பற்றின முதல் பாகத்தை எத்தின பேர் வாசிச்சிருப்பாங்க? மருத்துவமும் கணக்கும் பர்ளு கிஃபாயா, அதாவது ஊருக்கே பொதுவான கடமை, எண்டு எழுதியிருக்கிறார், ஊரில ஒருத்தரும் படிக்காட்டி முழு ஊருக்கும் குற்றம். அதோட விட்டாரா? எத்தினையோ ஊரில வைத்தியம் பாக்க ஒரு முஸ்லிம் இல்ல, எல்லாரும் ஃபிக்ஹு எண்ட மார்க்கச் சட்டத்துக்கு மட்டும் விழுந்தடிச்சுப் போறாங்கள், ஏனெண்டா காழி எண்ட நீதிபதிப் பதவியும் வக்ஃபுச் சொத்துப் பொறுப்பும் அதிலதான் கிடைக்குது எண்டு ஏசுறார். 1111ல மௌத்தான மனுசன் தங்கச்சி!

1990 ஒக்டோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எங்களப் புலிகள் 2 மணித்தியாலத்தில ஊரை விட்டுக் கிளப்பினாங்கள், புத்தளத்தில கிடுகுக் கொட்டிலுக்க கிடந்தம். என்ட ராத்தாவுக்கு, மூத்த அக்காவுக்கு, மாரில கட்டி. ஆம்பிள டொக்டரிட்டக் காட்டமாட்டன் எண்டு உம்மாவுக்குக்கூட சொல்லாம முந்தானைய இழுத்து இழுத்து மூடிக்கொண்டு திரிஞ்சவ, எங்களுக்குத் தெரிய வரேக்க கக்கத்துக்கும் பரவிட்டுது. அவவப் பிழை சொல்ல எனக்கு மனம் வரல்ல. ஆம்பிளைக்குக் காட்டாதே எண்டுறவங்களே பொம்பிளப் பிள்ளைய மெடிசினுக்கும் விடமாட்டம் எண்டா ராத்தா ஆரிட்டக் காட்டுறது? இதுக்கு அந்தத் தம்பி பதில் சொல்லட்டும், பிறகு மற்றதக் கதைப்பம்.

வண்ணார்பண்ணையில 1911ல பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ், குர்ஆனும் ஓதி யாழ் இந்துக் கல்லூரியிலயும் படிச்சுத்தான் சிவில் சேர்விஸுக்குப் போன முதல் முஸ்லிம் ஆனவர், பிறகு கொழும்பு ஸாஹிராக் கல்லூரிக்கு அதிபர். எங்கட தெருப் பக்கத்தில வளந்த பிள்ளை. அவற்ற ஈமான் குறைஞ்சு போச்செண்டு ஆராவது சொல்லுவாங்களா?

ஓதலை விடச் சொல்லல்ல, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு ஓதட்டும். பயோ ஃபோர்மை இந்தக் கிழமையே நிரப்பிக் குடுங்க. டியூஷன் காசு முட்டுப்பட்டா எனக்கு எழுதுங்க, அந்தத் தம்பியிட்டப் போய்க் கேட்டு நிக்காதீங்க.