காற்றழுத்தத்தைக் கூட்டினால் மோதல் காப்பானுக்கு என்ன ஆகும்?

கேள்வி: எங்கள் ரோபோ கையின் மணிக்கட்டுக்கும் பாகத்தைப் பிடிக்கும் கிரிப்பருக்கும் இடையே காற்றழுத்தத்தில் இயங்கும் மோதல் காப்பான் இருக்கிறது. கிரிப்பர் எதிலாவது இடித்தால் விடுபட்டு ரோபோவை நிறுத்துவது அதன் வேலை. 4 பார் அழுத்தத்தில் வைத்திருந்தபோது எதிலும் மோதாமலேயே அடிக்கடி விடுபட்டு வேலை நின்றது. 5.5 பாருக்கு ஏற்றியதும் அந்தத் தொல்லை ஒழிந்தது. பிறகு ஒருநாள் பாகத்தை அசையாமல் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சரின் மேல் கிரிப்பர் நேராக இறங்கி விரல்கள் வளைந்துவிட்டன. காப்பான் அசையவே இல்லை. சாதனம் பழுதா? ரோபோவின் மென்பொருளிலேயே மோதலைக் கண்டறியும் வசதி இருப்பதால் இதைக் கழற்றிவிடலாமா? கிரிப்பரும் அது தூக்கும் பாகமும் சேர்ந்து 8 கிலோ. ஈர்ப்பு மையம் காப்பானிலிருந்து 200 மி.மீ., விரல் நுனி 300 மி.மீ. தள்ளி இருக்கின்றன.

பதில்: பெரும்பாலும் சாதனத்தில் பழுது இருக்காது. 4 பாரிலும் சரி, 5.5 பாரிலும் சரி, அது தன் கணக்குப்படிதான் நடந்திருக்கிறது. அந்தக் கணக்கை நீங்களும் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இவ்வகைக் காப்பானுக்குள் ஒரு பிஸ்டன், கிரிப்பர் பக்கத்துத் தட்டைக் காற்றின் பலத்தால் அதன் இருக்கையில் அழுத்திப் பிடித்திருக்கிறது. வெளி விசை அந்தப் பிடியை மீறினால் தட்டு விலகும், சுவிட்ச் திறக்கும், ரோபோ நிற்கும். பிஸ்டனின் விட்டம் 60 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 4 பாரில் பிடிவிசை சுமார் 1,130 நியூட்டன். தட்டு மையத்திலிருந்து 40 மி.மீ. தள்ளியுள்ள விளிம்பை ஊன்றிச் சாய்கிறது என்றால், அதைச் சாய்க்க 45 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை போதும். உங்கள் சாதனத்தின் அளவுகள் வேறாக இருக்கலாம். அதன் விவரத்தாளைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி கிரிப்பரின் பக்கம். கிரிப்பர் கிடைமட்டமாக நீட்டியிருக்கும்போது கை மேல்நோக்கி 20 மீ/வி² முடுக்கத்தில் கிளம்பினால், ஈர்ப்பையும் சேர்த்து 8 × 29.8 × 0.2, அதாவது ஏறக்குறைய 48 நியூட்டன் மீட்டர். காப்பானின் வரம்பு 45. மோதாமலேயே விடுபட்டதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்தும்போதெல்லாம் காப்பானும் சேர்ந்து விடுபடுகிறதா என்று கவனியுங்கள். அவசர நிறுத்தத்தின் வேகத்தணிப்பு, நிரலில் கொடுத்த முடுக்கத்தைவிடக் கடுமையாக இருப்பதுண்டு. அப்படி விடுபட்டால் வரம்பு போதவில்லை என்பது உறுதி.

நீங்கள் அழுத்தத்தை ஏற்றினீர்கள். 5.5 பாரில் வரம்பு 62 நியூட்டன் மீட்டராக உயர்ந்தது, தொல்லையும் நின்றது. ஆனால் அதே பிடியை நேர் அச்சில், அதாவது கிரிப்பரின் நீளவாக்கில், மீற இப்போது 1,550 நியூட்டனுக்கு மேல் வேண்டும். கவனிக்க வேண்டிய இடம் இதுதான். விரல் நுனியில் பக்கவாட்டில் இடித்தால் 300 மி.மீ. நெம்புகோல் நீளம் இருப்பதால் 210 நியூட்டனிலேயே காப்பான் விடுபடும். நேராகக் கீழே இறங்கி இடித்தால் அந்த நெம்புகோல் உதவி கிடைக்காது, ஏழு மடங்குக்கு மேல் விசை தேவை. மெல்லிய விரல்கள் அதற்குள் வளைந்துவிடும். 4 பாரிலேயே இருந்திருந்தாலும் இந்த மோதலில் விரல்கள் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். நேர் அச்சு மோதலுக்குக் காப்பு வேறிடத்தில் இருக்க வேண்டும்: ஸ்பிரிங் வைத்துப் பின்வாங்கும் விரல்கள், அல்லது மற்றவை சேதமாகும் முன் தான் மட்டும் முறிகிற மலிவான ஒரு பின்.

வேகத்தையும் கணக்கில் சேருங்கள். சுவிட்ச் திறந்து ரோபோ தணியத் தொடங்க 20 மில்லி விநாடி ஆகிறது, தணிப்பு 10 மீ/வி² என்று கொண்டால், விநாடிக்கு 1 மீட்டரில் செல்லும் கை 70 மி.மீ. போய்த்தான் நிற்கும். தட்டு 10 பாகை சாயும் என்றால் விரல் நுனிக்குக் கிடைக்கும் இடம் 53 மி.மீ. மட்டுமே. மீதி 17 மி.மீ. உலோகத்தில் போய் இறங்கும். நேர் அச்சில் பின்வாங்கும் தூரம் இன்னும் குறைவு. அது 10 மி.மீ. என்றால் ஃபிக்ஸ்சரை அணுகும் வேகம் விநாடிக்கு 250 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். கடைசி 50 மி.மீ. தூரத்தை மட்டும் அந்த வேகத்தில் கடந்தால் சுழற்சி நேரத்தில் இழப்பு சிறிதுதான்.

என் பரிந்துரை இது. முதலில் ஈர்ப்பு மையத்தை உள்ளே இழுங்கள். கிரிப்பரின் நீளத்தைக் குறைத்து மையத்தை 150 மி.மீ.க்குக் கொண்டுவந்தால் அதே முடுக்கத்துக்கு 36 நியூட்டன் மீட்டர்தான் வரும், பழைய 4 பாரே போதும். அது முடியாவிட்டால் இரு நிலை அழுத்தம் வையுங்கள்: வேகமாகப் பயணிக்கும்போது உயர்ந்த அழுத்தம், ஃபிக்ஸ்சரை நெருங்கும்போது தாழ்ந்த அழுத்தம். ரெகுலேட்டர் மிகை அழுத்தத்தைத் தானே வெளியேற்றும் வகையாக இருக்கட்டும். காற்றுக்குழாயில் ஒருவழி வால்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். தட்டு பின்வாங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று இறுகி, சாதனத்தை இன்னும் விறைப்பாக்கும்.

சுவிட்ச் கம்பியை பி.எல்.சி. (இயந்திரங்களை நிரல்படி இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) வழியாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். அதற்கென்று ரோபோ கட்டுப்பாட்டகத்தில் உள்ள விரைவு உள்ளீட்டில் நேரடியாக இணையுங்கள். சாதாரண நிலையில் மூடியிருக்கும் சுற்றாக இருந்தால் கம்பி அறுந்தாலும் ரோபோ நின்றுவிடும்.

மென்பொருளைப் பொறுத்தவரை, அது காப்பானுக்கு மாற்று அல்ல. மோட்டார்கள் எடுக்கும் மின்னோட்டத்தை, எடுக்க வேண்டிய மின்னோட்டத்தோடு ஒப்பிட்டு அது மோதலை ஊகிக்கிறது. கையின் எடை, கியர் உராய்வு ஆகியவற்றுக்கு நடுவே விரல் நுனியில் விழும் சிறு விசை எளிதில் மறைந்துவிடும். ரோபோவின் முழங்கை எதிலாவது இடித்தால் காப்பானுக்குத் தெரியாது, மென்பொருளுக்குத் தெரியும். ஆகவே இரண்டும் இருக்கட்டும். மென்பொருளுக்குக் கொடுத்த சுமை விவரத்தில் காப்பானின் சொந்த எடையையும் சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பலர் அதை விட்டுவிட்டு, பொய் எச்சரிக்கை வருகிறது என்று உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போவார்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாதனம் கருவியைக் காக்க வந்தது, ஆளைக் காக்க அல்ல. வேலியும் கதவுப் பூட்டும் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்.

விரல்களை மாற்றிய பிறகு, காப்பானைக் கையாலேயே நான்கு பக்கமும் சாய்த்து விடுவித்து, ஒவ்வொரு முறையும் கிரிப்பர் ஒரு நிலையான குறிமுனைக்கு நேராகத் திரும்பி வருகிறதா என்று சோதியுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் விலகி நின்றால் தட்டின் இருக்கை அந்த மோதலில் தேய்ந்தோ பள்ளம் விழுந்தோ இருக்கிறது. அந்த நிலையில் மட்டும் காப்பானைக் கழற்றிப் பழுதுபார்க்க அனுப்புங்கள்.