அமெரிக்க போலீஸ் வேலை: பழைய கோப்பை யார் திறந்து பார்ப்பது? (கேள்வி பதில்)

கேள்வி: சோன்யா மாசி என்ற பெண்ணைச் சுட்ட டெபுடி (ஷெரிஃப் அலுவலகப் போலீஸ்காரர்), அதற்கு முன் பல இடங்களில் வேலை பார்த்தவராமே. எப்படி சார் எடுத்தார்கள்?

பதில்: இல்லினாய் மாநிலத்தின் சங்கமன் கவுன்டி (நம் மாவட்டம் மாதிரி) 2023-இல் அவரை எடுத்தபோது, சில வருடங்களுக்குள் அது அவருக்கு ஆறாவது போலீஸ் அலுவலகம். சில பகுதிநேர வேலைகள்தான், இருந்தாலும் ஆறு. குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக இரண்டு முறை தண்டனை பெற்றவர். முந்தைய லோகன் கவுன்டியில் மேலதிகாரி அவரை உட்காரவைத்துக் கண்டித்த ஒலிப்பதிவே இருக்கிறது: துரத்தாதே என்று சொல்லியும் வண்டியைத் துரத்தியது, அறிக்கையில் தப்பாக எழுதியது. 2024 ஜூலையில், உதவி கேட்டு போன் செய்த மாசியை அவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்.

கேள்வி: பழைய அலுவலகம் மூடி மறைத்தால் புதியவர்கள் என்னதான் செய்வார்கள்?

பதில்: மறைப்பது பாதிக் கதைதான், கேட்காமலே விடுவது மீதி. 2014 நவம்பரில் கிளீவ்லாந்தில் 12 வயதுச் சிறுவன் தமீர் ரைஸைச் சுட்டவர், அதற்கு முன் பக்கத்து ஊரான இண்டிபெண்டன்ஸில் சில மாதங்கள் இருந்தவர். துப்பாக்கிப் பயிற்சியில் கண் கலங்கி நிலைகுலைந்ததையும், இன்னும் எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் தேறமாட்டார் என்பதையும் அங்கிருந்த அதிகாரி எழுதியே வைத்திருந்தார். கிளீவ்லாந்து அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்கவில்லை. கடைசியில் 2017-இல் அவரை நீக்கியதும் விண்ணப்பத்தில் உண்மை சொல்லாததற்காகத்தான். எனக்கு இன்றும் ஆறவில்லை.

கேட்டாலும் எல்லாம் வராது. "நீயே ராஜினாமா செய், நாங்கள் எதுவும் எழுதமாட்டோம்" என்று பேசி முடித்துவிடுகிறார்கள். வழக்குக்குப் பயந்து, வேலை பார்த்த தேதிகளை மட்டும் சொல்லும் அலுவலகங்களும் உண்டு.

கேள்வி: போலீஸ் வேலை பார்க்க மாநிலம் தரும் சான்றிதழையே ரத்து செய்தால் போதாதா?

பதில்: போதாது. சான்றிதழ் மாநிலத்துக்கு மாநிலம் தனி. கலிஃபோர்னியாவுக்கு அதைப் பறிக்கும் அதிகாரமே 2021-இல் போட்ட சட்டத்தால்தான் வந்தது. ரத்தானவர்களுக்கு ஒரு தேசியப் பட்டியல் உண்டு, ஆனால் மாநிலங்கள் விரும்பினால் பெயர் சேர்க்கலாம் என்ற நிலைதான். நடவடிக்கைக்கு முன்பே விலகிப்போனவர் அதில் சிக்காமல் போகலாம். மத்திய அரசு போலீஸாருக்காக 2023 டிசம்பரில் திறந்த தகவல்தளத்தை 2025 ஜனவரியில் மூடிவிட்டார்கள். அது பெரிய இழப்பு.

கேள்வி: அப்புறம் எதுதான் சரியான வழி?

பதில்: மாசி பெயரில் 2025-இல் இல்லினாய் போட்ட சட்டம் நல்ல தொடக்கம். விண்ணப்பிப்பவர் பழைய பதிவுகளைத் தரச் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், பழைய அலுவலகங்களும் கொடுத்தாக வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்வேன். வேலைக்கு எடுக்கும் முன் பின்னணியை விசாரிப்பவர் ஒவ்வொரு பழைய கோப்பையும் முழுசாகப் படித்துத் தன் பெயரில் கையெழுத்திடட்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் மாநில வாரியம் சான்றிதழ் தரக்கூடாது. நாளை ஏதாவது நடந்தால், படித்தவர் யார், தெரிந்தும் எடுத்தவர் யார் என்று கேட்க ஒரு பெயராவது இருக்கும்.

கேள்வி: என் மகன் விண்ணப்பித்திருக்கிறான். அக்கம்பக்கத்து வீடுகளில்கூட வந்து விசாரிக்கிறார்கள். பயப்படணுமா?

பதில்: வேண்டாம்மா, முறையாக வேலை நடக்கிறது என்று அர்த்தம். பழைய வேலை, கடன், டிராஃபிக் அபராதம் எதையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள். சின்னத் தப்பை மன்னிப்பார்கள், மறைத்தது தெரிந்தால் வேலை போய்விடும்.