மானியம் வந்தது, சம்பளம் வரவில்லை

கேள்வி: எனக்கு 36 வயது. மேடை நாடகம்தான் முழுநேர வேலை. எங்கள் ஏழு பேர் குழுவின் புதிய நாடகத்துக்கு முதல்முறையாக ஓர் அறக்கட்டளையின் மானியம் கிடைத்திருக்கிறது. முதல் தவணை என் சொந்தக் கணக்குக்கே வந்துவிட்டது. அரங்க வாடகை, ஒளி, ஒலி, உடை, பயணம் எல்லாம் போக எனக்கென்று எதுவும் மிஞ்சவில்லை. வீட்டு வாடகை மூன்று மாத பாக்கி. இந்தப் பணத்தில் அதைக் கட்டிவிட்டு, டிக்கெட் வசூல் வந்ததும் திருப்பி வைத்துவிடலாமா? (விண்ணப்பத்தில் கொடுத்த பட்ஜெட்டை இணைத்திருக்கிறேன்.)

பதில்: வேண்டாம். மானியத்தின் கடைசித் தவணை பெரும்பாலும் நிகழ்ச்சி முடிந்து, அறிக்கையும் செலவுக் கணக்கும் கொடுத்த பிறகுதான் வரும். அதாவது கடைசிக் கட்டச் செலவுகளை எப்படியும் கொஞ்ச நாள் நீங்கள்தான் தாங்க வேண்டியிருக்கும். இப்போதே மூன்று மாத வாடகையை உருவிவிட்டால் ஒத்திகை நடக்கும்போதே பணம் தீர்ந்துபோகும். கணக்கிலும் உதைக்கும், கடைசித் தவணை அங்கேயே நின்றுவிடலாம். முதல் வேலையாக, இந்த நாடகத்துக்கென்று தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்கி மானியத்தை அதற்கு மாற்றுங்கள்.

சரி, வாடகைக்கு என்ன வழி? உங்கள் பட்ஜெட்டைப் பார்த்தேன். விளக்குக்காரருக்கு எத்தனை நாள், நாளுக்கு எவ்வளவு என்று துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். இயக்குநர், நடிகர் என்ற இரண்டு வரியிலும் உங்கள் பெயருக்கு நேரே வெறும் கோடு. நடனக்காரர்கள், பாடகர்கள் என்று பலரிடம் இந்தக் கோட்டைப் பார்த்துவிட்டேன். பணம் கேட்டால் கலையில் பற்று குறைவு என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம். மானியம் தருகிறவர்களில் பலர் கலைஞரின் ஊதியத்தை நியாயமான செலவாகவே ஏற்கிறார்கள். சொல்லப்போனால், அந்த வரி காலியாக இருந்தால் இவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்ற சந்தேகம்தான் வரும்.

ஆகவே ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ஒரு தலைப்பிலிருந்து இன்னொரு தலைப்புக்குத் தொகையை மாற்ற எந்த அளவு வரை இடம் உண்டு, எப்போது முன் அனுமதி வேண்டும் என்பது பெரும்பாலும் அதில் இருக்கும். உடை, மேடை அமைப்பு இரண்டையும் கொஞ்சம் சுருக்கி, இயக்குநர் ஊதியம் என்று ஒரு தொகை கேட்டு எழுதுங்கள். எழுத்தில் அனுமதி வந்த பிறகு, நீங்களே ரசீது எழுதிக் கையெழுத்திட்டு அந்த ஊதியத்தை எடுத்துக்கொள்ளலாம். அது உங்கள் சம்பளம். வாடகை கட்டலாம், யாரும் கேட்க முடியாது. வரிக்கு ஒரு பங்கை மட்டும் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள். அதுவரை வீட்டு உரிமையாளரிடம் நேரில் பேசித் தவணை கேளுங்கள்.

டிக்கெட் வசூலை நம்பிக் கடன் வாங்குவது எனக்குப் பிடிக்காத விஷயம். பாதி இருக்கைதான் விற்கும் என்று வைத்தே நான் கணக்குப் போடுவேன், அதிலும் ஓசி டிக்கெட்டைக் கழித்துவிட்டு. வசூல் செலவுக்குப் போதாமல் போவது உங்கள் திறமைக் குறைவு இல்லை. 1966-இலேயே வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலையில் இயந்திரம் வந்ததும் ஒரே ஆள் பல மடங்கு உற்பத்தி செய்கிறார், கூலியும் உயர்கிறது. நால்வர் வாசிக்கும் இசைக்கு இன்றும் அதே நால்வர், அதே நேரம் வேண்டும். மற்ற இடங்களில் கூலி ஏற ஏற மேடைச் செலவும் ஏறும்; வசூல் அதே வேகத்தில் ஏறாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் மானியம். உங்களைப் போன்றவர்கள் அதைச் சம்பளமே வாங்காமல் தங்கள் வீட்டுப் பணத்தில் நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரான்சில் மேடைக் கலைஞர் 12 மாதத்தில் 507 மணி நேரம் ஊதியத்தோடு வேலை செய்ததைக் காட்டினால், வேலை இல்லாத நாட்களுக்கு உதவித்தொகை உண்டு. அப்படி ஓர் ஏற்பாடு இல்லாதவர்கள் அதைத் தாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். கடந்த 24 மாத வருமானத்தை எழுதி, சராசரியைவிடக் குறைவான ஒரு தொகையை மாதச் சம்பளமாக வைத்துக்கொள்ளுங்கள். நல்ல மாதத்தில் மிஞ்சுவது வறண்ட மாதத்துக்கு. அப்புறம் விபத்துக் காப்பீடு, மேடையில் கால் பிசகினால் வருமானம் அன்றே நிற்கும்.

அடுத்த விண்ணப்பத்தில் ஒத்திகை நாள், காட்சி நாள், மேடையைப் பிரித்துக் கட்டும் நாள், கணக்கு எழுதும் நாள் எல்லாவற்றையும் எண்ணி, விளக்குக்காரருக்குப் போட்ட அதே நாள் கூலியால் பெருக்கி, உங்கள் பெயருக்கு நேரே எழுதுங்கள். விண்ணப்பம் எழுதிய நாட்களுக்கு மட்டும் பெரும்பாலும் யாரும் தர மாட்டார்கள்.