இரண்டடி தள்ளி உட்கார்ந்தால் என்ன?

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் பயணக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். போன ஆகஸ்டில் நடந்த ஒரு விஷயம் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

சியாட்டிலில் இருக்கும் நாங்கள் மூன்று குடும்பமாக ஒரு சனிக்கிழமை மவுண்ட் ரெய்னியர் எரிமலைக்குப் போயிருந்தோம். மலைச்சரிவில் இருக்கிற பாரடைஸ் என்ற இடத்திலிருந்து கிளம்பும் ஸ்கைலைன் பாதை. ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, மாமியார், எல்லார் வீட்டுப் பிள்ளைகள் என்று பெரிய கூட்டம். ஊதாவும் சிவப்பும் வெள்ளையுமாக மலைச்சரிவு முழுக்கப் பூ. பாதி ஏற்றத்திலேயே அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. பாதைக்கு இரண்டடி தள்ளி, பூ எதுவும் இல்லாத ஒரு வெற்றுத் தரையாகப் பார்த்து பெட்ஷீட் விரித்து, புளியோதரையைப் பிரித்தோம். பிள்ளைகள் பூவுக்கு நடுவே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வழியாக வந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி எங்களைப் பார்த்ததும் கத்தத் தொடங்கிவிட்டார். "போர்டு படிக்கத் தெரியாதா? உடனே வெளியே வாருங்கள்" என்றார். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் குரல் புரிந்துவிட்டது. அதற்கப்புறம் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. திரும்பி வரும்போது காரில் ஒரே வாக்குவாதம். இது இனவெறி என்றார் என் கணவர். தப்பு நம்முடையது என்றாள் தோழி. நாங்கள் ஒரு பூவைக்கூடப் பறிக்கவில்லை அக்கா. நாள் முழுக்க மான் மேய்கிற இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் என்ன கெட்டுவிடும்?

அம்மா இந்தக் கோடைக்கும் வருகிறார். "அந்தப் பூ மலைக்கு மட்டும் வேண்டாம்" என்கிறார். கூட்டிப் போகலாமா?

ம., ரெட்மண்ட்

*

அன்புள்ள ம.,

கத்தியதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வயதான ஒரு அம்மா தட்டில் சோறு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அந்தப் பாதைகளில் பூவெளியைக் காக்கவென்றே தன்னார்வலர்கள் நடமாடுவார்கள். பாதையை விட்டு இறங்கியவர்களிடம் பக்குவமாகப் பேசி மேலே கூப்பிடுவதுதான் அவர்களுடைய வேலை. நிறம் பார்த்துச் சொல்வதில்லை, எல்லாரிடமும் நாள் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். உங்களிடம் கத்தியவர் அவர்களில் ஒருவராக இருக்க மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். அவர் மனதில் என்ன இருந்தது என்று நான் இங்கே உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் கணவர் சொல்வது சரியாக இருந்தாலும் தோழி சொல்வது தப்பாகிவிடாது. அவர் பேசியதும் தப்பு, நீங்கள் உட்கார்ந்ததும் தப்பு.

ஏன் தப்பு என்பதுதான் உங்கள் கேள்வி. மிதித்தாலும் மறுநாள் எழுந்து நிற்கிற அருகம்புல்லைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். செடி என்றால் அப்படித்தான் என்று கால் நினைத்துக்கொள்கிறது. பாரடைஸின் உயரம் சுமார் 1,650 மீட்டர்தான், கொடைக்கானலைவிடக் குறைவு. ஆனால் அங்கே குளிர்காலத்தில் சராசரியாக 16 மீட்டர் பனி பொழிகிறது. பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று அந்த மலையில் மோதிக் கொட்டுகிற பனி அது. 1971–72 குளிர்காலத்தில் மட்டும் 28 மீட்டருக்கு மேல் பெய்தது. அன்றைக்கு அது உலக சாதனை. பிறகு 1998–99இல் அதே வாஷிங்டன் மாநிலத்தின் மவுண்ட் பேக்கர் அதை முறியடித்தது. இவ்வளவு பனியும் கரைந்து தரை தெரிய ஜூலை பாதியாகிவிடும். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ மறுபடி பனி விழத் தொடங்கும். முளைத்து, இலை விட்டு, பூத்து, காய்த்து, விதை போட்டு, வேரில் அடுத்த வருடத்துக்குச் சேமித்து வைக்க அந்தச் செடிக்குக் கிடைப்பது இரண்டு மாதமோ மூன்று மாதமோதான். ஆகஸ்டில் ஒரு தண்டை ஒடித்தால் அதற்கு அந்த வருடம் போயிற்று. பனி முழுசாகக் கரையக்கூடப் பொறுக்காமல் விளிம்பைத் துளைத்துக்கொண்டு தலைகாட்டும் அவலாஞ்ச் லில்லியை அங்கே பார்த்திருப்பீர்கள். விதையிலிருந்து பூவுக்கு வரவே அதற்குப் பல வருடம் பிடிக்கும்.

பூ ஒடிவதுகூடச் சின்ன விஷயம். தரைதான் பெரிய விஷயம். எரிமலைச் சாம்பலும் நுரைக்கல்லும் கலந்த லேசான மண் அது. மிதிபட்டால் இறுகிவிடும், தண்ணீர் உள்ளே இறங்காது, விதை விழுந்தாலும் வேர் பிடிக்காது. ஒருவர் மிதித்து வெறிச்சிட்ட இடத்தைப் பார்த்ததும் அடுத்தவருக்கு அங்கே கால் வைக்கத் தோன்றும். கொஞ்ச நாளில் அது ஒற்றையடிப் பாதையாகிவிடும். அடுத்த கோடையில் பனி உருகி ஓடும் தண்ணீர் அந்தத் தடத்தில் இறங்கி மண்ணை அரித்து ஓடையாக்கிவிடும். அதைச் சரிசெய்யப் பல பத்தாண்டுகள் ஆகும்.

இங்கே உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரு வரியைப் பார்த்தேன்: "பூ எதுவும் இல்லாத ஒரு வெற்றுத் தரையாகப் பார்த்து." நல்ல எண்ணத்தோடுதான் அப்படித் தேடியிருக்கிறீர்கள். சுற்றிலும் அவ்வளவு பூ இருக்கும்போது நடுவில் ஒரு இடம் மட்டும் ஏன் வெறுமையாகக் கிடந்தது? பெரும்பாலும் உங்களுக்கு முன்னால் வந்தவர்களும் அதே நல்ல எண்ணத்தோடு அங்கே உட்கார்ந்து எழுந்ததுதான் காரணம். தேசியப் பூங்காக்காரர்கள் அந்த மாதிரி இடங்களில்தான் வேலை செய்கிறார்கள். அதே மலையில் விதை பொறுக்கி, தங்கள் நாற்றங்காலில் வளர்த்து, தன்னார்வலர்களைக் கூட்டி நாற்று நடுகிறார்கள். விரலளவு நாற்று உங்கள் பெட்ஷீட்டுக்கு அடியில் இருந்திருந்தாலும் உங்களுக்குத் தெரிந்திருக்காது.

மான் மேய்கிறது, மார்மட் என்ற பெரிய மலை அணில் குழி தோண்டித் தின்கிறது, எல்லாம் உண்மைதான். ஆனால் அவை அந்தச் செடிகளோடு சேர்ந்தே இருந்து வருகிறவை. ஒரே இடத்தில் வரிசையாக வந்து உட்காருவதில்லை. அந்தப் பூங்காவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். அதில் பெரும்பகுதி கோடை மாதங்களில். நீங்கள் போனதும் ஒரு ஆகஸ்ட் சனிக்கிழமை.

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு, "பார்த்தாயா, நமக்குத்தான் இதெல்லாம் தெரியவில்லை" என்று தலை குனிய வேண்டாம். அந்தப் பூவெளியை மிதித்துக் கெடுத்த வரலாற்றில் நம்மவர்களுக்குப் பங்கு கிடையாது. 1899இலேயே அது தேசியப் பூங்கா. ஆனாலும் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பாரடைஸ் புல்வெளிக்கு மேலேயே கூடாரம் அடித்தார்கள், வாடகைக் குடில் கட்டினார்கள், குதிரை ஓட்டினார்கள். கேட்டால் நம்ப மாட்டீர்கள், 1931இல் அங்கே ஒரு கோல்ஃப் மைதானமே திறந்தார்கள். பனி உருகினால்தானே பந்து உருளும்? சீக்கிரமே மூடிவிட்டார்கள். இன்று நாம் பார்க்கிற கயிற்று வேலியும் அறிவிப்புப் பலகையும் அந்தக் கூத்துக்கெல்லாம் பிறகு கற்ற பாடம்தான். இன்றைக்கு அங்கே நின்று பிறரை அதட்டுபவரின் தாத்தா அன்றைக்கு அங்கே கூடாரம் அடித்தவராகவும் இருக்கலாம்.

அதற்கும் முன்னால் போனால் விஷயம் இன்னும் சுவையானது. நிஸ்குவாலி, யாகமா, புயாலப், மக்கிள்ஷூட், கவ்லிட்ஸ் என்ற பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோடை முடிவில் அந்த மலைக்கு ஏறி வந்து ஹக்கிள்பெரிப் பழம் பறித்திருக்கிறார்கள், வேட்டையாடியிருக்கிறார்கள். மரங்கள் வளர்ந்து மூடிவிடாமல் இருக்கவும், பழச்செடி நன்றாகக் காய்க்கவும் மேட்டுநிலங்களுக்குத் தீயும் வைத்திருக்கிறார்கள். மனிதக் கால் படாத கன்னி நிலம் என்று சுற்றுலாப் புத்தகங்கள் எழுதுவது சுத்தப் பொய். கால் பட்ட நிலம்தான், ஆனால் வந்தவர்களின் எண்ணிக்கை அளவாக இருந்தது, வந்த காலமும் பூ முடிந்து பழம் பழுக்கும் காலம். இன்றைக்கும் பூவைத் தொடக்கூடாது, ஆனால் அங்கேயே தின்ன அளவாகப் பழம் பறித்துக்கொள்ளலாம். செப்டம்பரில் போகிறவர்களுக்கு அது ஒரு லாபம்.

உங்கள் கூட்டத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஸ்கைலைன் பாதை ஒரு சுற்று வர ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர். 500 மீட்டருக்கு மேல் ஏற்றம். இரண்டு பெரியவர்களையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதைத் தேர்ந்தெடுத்தது யார்? எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஒருவர் இருப்பார், "பனோரமா பாயின்ட் வரைக்கும் போகாவிட்டால் அவ்வளவு தூரம் போனதே வீண்" என்பார். அவரோடு போகத் தெம்புள்ள நாலு பேரைத் தனியாக அனுப்பிவிடுங்கள். மூச்சு வாங்கி, பசித்து, நிழலும் இல்லாமல், உட்கார இடமும் இல்லாமல் நின்றதால்தான் நீங்கள் பாதையை விட்டு இறங்கினீர்கள். கூட்டத்தில் மெதுவாக நடப்பவருக்கு ஏற்ற பாதையை எடுத்திருந்தால் அந்தப் பாட்டியை நீங்கள் சந்தித்திருக்கவே மாட்டீர்கள்.

அம்மாவை அழைத்துக்கொண்டு மர்ட்டில் அருவிக்குப் போங்கள். பார்க்கிங்கிலிருந்து ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது, தார் போட்ட பாதை. அருவிக்குப் பின்னால் மலை முழுசாக நிற்கும், மேகம் விட்டால். பூவுக்கு அங்கேயும் குறைவில்லை. அம்மாவுக்குத் தெம்பு இருந்தால் அதே பாதையில் மேலே ஏறலாம். 1921இல் கட்டிய ஒரு கல் பெஞ்ச் வரும். 1870இல் முதல்முதலாக உச்சிக்கு ஏறியதாகப் பதிவான ஸ்டீவன்ஸ், வான் ட்ரம்ப் என்ற இருவரின் நினைவாகக் கட்டியது. அவர்களை அங்கே கூட்டி வந்த ஸ்லூயிஸ்கின் என்ற உள்ளூர்க்காரர், மேலே போனால் பிழைக்க மாட்டீர்கள் என்று கெஞ்சிப் பார்த்துவிட்டு அந்தப் பக்கத்தில்தான் காத்திருந்தார். அவர்களோ உச்சியில் எரிமலைவாய் நீராவிக் குகைக்குள் ஒரு ராத்திரியைக் கழித்துவிட்டு உயிரோடு இறங்கி வந்தார்கள். அந்த பெஞ்சில் உட்கார்ந்து தாராளமாகப் புளியோதரை சாப்பிடலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அதுவரை போக முடியாவிட்டால் பாதையோரப் பாறையும் பனித்திட்டும் இருக்கின்றன. கீழே பிக்னிக் மேசைகளும் உண்டு. சிந்திய சோற்றைப் பொறுக்கிவிடுங்கள். மார்மட் கிட்டே வந்து பாவமாகப் பார்க்கும், கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. பூவுக்கு நடுவே நின்று எடுக்கிற போட்டோவில் பூ தெரியாது, சட்டைதான் தெரியும். பிள்ளைகளைப் பாதையோரத்தில் குந்தவைத்து, கேமராவைப் பூ மட்டத்துக்குத் தாழ்த்தி எடுங்கள். பூக்கடலுக்குள் உட்கார்ந்திருப்பது போலவே வரும். அப்படிக் குந்தும்போது கிட்டத்தில் பார்க்கவும் நிறைய இருக்கிறது. ஊதா நிறத்தில் பார்த்தீர்களே, அது லூபின். விரல் விரலாகப் பிரிந்த அதன் இலையில் மெல்லிய ரோமம் இருக்கும். காலையில் போனால் எல்லா விரலும் கூடும் நடுப்புள்ளியில் ஒரே ஒரு துளி தண்ணீர் உருண்டு நிற்கும், இலையில் ஒட்டாமல். அதன் பக்கத்தில் சிவப்பாக நின்றது பெயின்ட்பிரஷ். சிவப்பாகத் தெரிவது இதழ் இல்லை, பூவை மூடிய இலைச்செதில். உண்மையான பூ அதற்குள்ளே பச்சையாக, ஒல்லியாக ஒளிந்திருக்கும். ஆள் சாமானியப்பட்டவரும் இல்லை. தனக்கு வேண்டியதில் ஒரு பங்கைப் பக்கத்துச் செடியின் வேரைத் துளைத்து உறிஞ்சிக்கொள்வார். பல நேரம் அந்தப் பக்கத்துச் செடி லூபின்தான். இரண்டும் அருகருகே அவ்வளவு அழகாகத் தெரிவதற்குப் பின்னால் தரைக்கடியில் இப்படி ஒரு கணக்கு ஓடுகிறது. உங்கள் அம்மா தோட்டம் போட்டவர் என்றால் இதைச் சொல்லிப் பாருங்கள், உங்களைவிட அதிக நேரம் அங்கே குந்தியிருப்பார்.

கூட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். கட்டாயம் கூட்டிப் போங்கள். ஜூலைக் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் பாதிவரை பொதுவாக நல்ல பூ. அந்த வருடத்துப் பனியைப் பொறுத்து முன்னே பின்னே ஆகும் என்பதால், கிளம்பும் முன் பூங்காவின் தளத்தில் பாருங்கள். நுழைவுக்கு முன்பதிவு வேண்டுமா என்பதும் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதையும் அங்கேயே பார்த்துவிடலாம். சனி, ஞாயிறு வேண்டாம். வார நாளில் ஒரு லீவு போட்டுவிட்டு, விடியும் முன்பே கிளம்பிவிடுங்கள். சியாட்டிலிலிருந்து இரண்டரை மணி நேரம். பத்து மணிக்கு மேல் போனால் பார்க்கிங் தேடியே பாதி நாள் போய்விடும். ஜூலையில் போவதாக இருந்தால் கொசு மருந்து மறக்காதீர்கள்.

அம்மா புடவையில்தான் வருவேன் என்றால் வரட்டும், அதில் ஒரு சிரமமும் இல்லை. காலுக்கு மட்டும் நல்ல பிடிமானமுள்ள ஷூ வாங்கிக் கொடுங்கள். மர்ட்டில் அருவிக்கு மேலே ஜூலைக் கடைசியிலும் பாதையில் பனி கிடக்கும், செருப்பு வழுக்கும்.

அன்புடன்,
அக்கா