பெரியம்மா மகள் பெர்த்துக்குப் போகிறார்

வணக்கம். எனக்கு 54 வயது, சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறேன். இதைப் பிரச்சினை என்று எழுதலாமா என்றே தெரியவில்லை. என் பெரியம்மா மகள் அடுத்த மாதம் ஆஸ்திரேலியாவில் இருக்கும் பெர்த்துக்குப் போகிறார். மகன் அங்கே வேலை, வீடு, குழந்தை என்று நிலையாகிவிட்டான், அத்தான் இறந்து மூன்று வருடமாகிறது, தனியாக இங்கே எதற்கு என்று கூப்பிட்டுக்கொண்டான். நியாயம்தான். ஆனால் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

தோ பாயோவில் ஒரே புளோக்கில் வளர்ந்தோம். அவர்கள் ஏழாம் மாடி, நாங்கள் ஒன்பது. அந்தக் காலத்து லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, அதனால் படிக்கட்டுதான் எங்கள் தெரு. அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட் என்றால் அக்கா வீட்டில்தான் சோறு, தூக்கம், அடி எல்லாம். பெரியம்மா பிளவுஸ் தைத்த மிச்சத் துணியில் பச்சைப்பயறு போட்டு, முக்கோணமாக ஐந்து குட்டி மூட்டை தைத்து, அஞ்சாங்கல் ஆட அக்காதான் கற்றுக்கொடுத்தார். ஒன்றில் தையல் விட்டுப் பயறு கொட்டி நான் அழுதபோது, பெரியம்மாவுக்குத் தெரியாமல் துவரம்பருப்பைத் திணித்துத் தைத்துத் தந்தார். அந்த ஒன்று மட்டும் கையில் கொஞ்சம் கனமாக விழும். அம்மாவுக்கு மண்டாயில் தகனம் முடிந்து வந்த இரவு, என் பக்கத்தில் தரையில் படுத்தவரும் அவர்தான்.

"கசின் போறதுக்கு இவ்வளவு அழுகையா? உன் தம்பி மலேசியாவுக்குப் போனப்போகூட இப்படி இல்லையே" என்கிறார் என் கணவர். போன வருடம் அக்காவுக்கு அறுவை சிகிச்சை என்று அவசர விடுப்பு கேட்டேன். கூடப் பிறந்தவரா என்றார்கள், இல்லை என்றதும் வருடாந்திர விடுப்பில் கழித்துக்கொள்ளச் சொன்னார்கள். என் ஒரே மகனோ, "வாட்ஸ்அப் இருக்கேம்மா" என்கிறான்.

இன்னொன்று, சொல்ல வெட்கமாக இருக்கிறது. மூன்று வாரமாக அவரைப் பார்க்கப் போகவில்லை. பெட்டி கட்ட வா என்றார், வேலை இருக்கு என்றேன். வீட்டை விற்பதை எல்லாருக்கும் சொல்லிவிட்டுக் கடைசியாகத்தான் எனக்குச் சொன்னார் என்று கோபம். நான் ரொம்பவும் மிகைப்படுத்துகிறேனா?

— ஈசூன் வாசகி

அன்புச் சகோதரி,

மிகை இல்லை. முதலில் அந்தக் 'கசின்' என்ற சொல்லைத் தள்ளி வையுங்கள். தமிழில் பெரியம்மா மகள் அக்காதான், அத்தை மாமா பிள்ளைகளுக்குத்தான் வேறு முறை. இங்கே படிவமும் பேச்சும் ஆங்கிலத்தில் நடப்பதால் எல்லாரும் ஒரே பெட்டிக்குள் போய் விழுகிறார்கள். இப்படிப்பட்ட கருணை விடுப்பு சிங்கப்பூரில் சட்டப்படி கட்டாயமும் இல்லை, வேலை ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதுதான் கிடைக்கும். சுற்றியிருப்பவர்கள் துக்கம் என்றே ஒப்புக்கொள்ளாத துக்கத்தைப் பற்றி அமெரிக்க அறிஞர் கென்னத் டோக்கா 1980களிலேயே எழுதினார். அழுவதற்கே அனுமதி கேட்கவேண்டிய இடத்தில் நிற்கிறீர்கள், அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

தம்பியோடு ஒப்பிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஐந்து மூட்டையில் எது கனம் என்று இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், அதில் ஒருவர் ஊரைவிட்டுப் போகிறார்.

மகன்மேல் வருத்தப்படாதீர்கள். 1972இல் சிங்கப்பூர் அரசு இரண்டு பிள்ளை போதும் என்றது, 1987இல் வசதியிருந்தால் மூன்று பெற்றுக்கொள்ளுங்கள் என்றது, 2023இல் மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிள்ளைகள், 0.97. ஒற்றைப் பிள்ளையும் ஒற்றைப் பிள்ளையும் கட்டிக்கொண்டால் அவர்கள் குழந்தைக்குப் பெரியம்மாவும் கிடையாது, அத்தையும் கிடையாது. இரண்டு மாடி இறங்கி ஓடிப்போய்த் தட்ட ஒரு கதவு உங்கள் மகனுக்கு இருந்ததே இல்லை, பாவம், அவன் வாட்ஸ்அப்பைத்தான் காட்டுவான்.

சரி, இப்போது உங்களுக்குப் பிடிக்காத பகுதி. வீடு விற்ற கோபம் வெறும் சாக்கு. அவர் கிளம்புவதற்குள் நீங்கள் கிளம்பிவிட்டீர்கள். சண்டையோடு பிரிந்தால் வலி குறையும் என்று மனசு போடுகிற தப்புக் கணக்கு இது, பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பும் வாரத்தில் பெற்றோர் சிடுசிடுப்பதும் இதே கணக்கில்தான். கடைசியாக ஏன் உங்களிடம் சொன்னார்? சுலபமான ஆள்களிடமெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, சொல்ல முடியாத இடத்துக்குக் கடைசியில் வந்திருக்கலாம். என் ஊகம்தான், அவரையே கேளுங்கள்.

பெர்த்துக்கும் நமக்கும் நேர வித்தியாசமே இல்லை. விமானத்தில் ஐந்து மணி நேரம் சொச்சம். நீங்கள் காலையில் காப்பி கலக்கும்போது அவருக்கும் அதே காலைதான். தீபாவளிக்கு ஒரு அழைப்பு, பொங்கலுக்கு ஒரு அழைப்பு என்று வைத்தால் சீக்கிரமே வெறும் நலம் விசாரிப்பாகச் சுருங்கிவிடும். சமைக்கும்போது போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள், அவர் அவருடைய வேலையைப் பார்க்கட்டும். அரை மணி நேரம் யாரும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

எனக்கு எழுதியதையெல்லாம் அவரிடம் எப்போதாவது சொன்னதுண்டா? நன்றி என்று ஆரம்பித்தால் "என்னடி புதுசா" என்று சிரித்து மழுப்பிவிடுவார், அதனால் துவரம்பருப்பிலிருந்து ஆரம்பியுங்கள். நினைவுக்கு மறுபடி ஐந்து மூட்டை தைத்துக் கொடுக்கத் தோன்றினால் உள்ளே பயறு மட்டும் வேண்டாம், ஆஸ்திரேலியாவில் தானியம், விதைக்கெல்லாம் கெடுபிடி அதிகம், விமான நிலையத்திலேயே எடுத்துவிடலாம். பிளாஸ்டிக் மணி போடுங்கள்.

இந்தச் சனிக்கிழமையே போங்கள். டேப்பும் கத்தரிக்கோலும் கையோடு எடுத்துப் போங்கள், பெட்டி கட்டுகிற வீட்டில் அவை இரண்டும்தான் எப்போதும் தேடினால் கிடைக்காது.